உருவரையும் மண்ணும்: அனா மெந்தியெத்தாவின் இயற்கை

1973ஆம் ஆண்டு, மெக்ஸிகோவின் ஒஹாக்கா பகுதியில், யாகுல் என்னும் பழைய ஸபோதெக் நகரத்தின் இடிபாடுகளுக்கு நடுவே திறந்து கிடந்த ஒரு கல்லறைக்குழியில் இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருத்தி ஆடையின்றிப் படுத்துக்கொண்டாள். சந்தையில் வாங்கிவந்த வெள்ளைப்பூக்கள் அவள் மேல் பரப்பப்பட்டன. படத்தில் முகம் தெரியாது. பூக்கள் உடம்பின்மேல் போடப்பட்டவையா, உடம்பிலிருந்து முளைத்தவையா என்று தீர்மானமாகச் சொல்ல முடியாது. ஒரு புகைப்படம் எடுக்கப்பட்டது. பிறகு அவள் எழுந்து போய்விட்டாள். 'யாகுலின் பிம்பம்' என்று இன்று நாம் பார்ப்பது அந்தப் புகைப்படம்தான். 'படைப்பு' எங்கே என்று கேட்டால் குழியிலும் இல்லை, காகிதத்திலும் முழுசாக இல்லை.

இதைப் பார்த்ததும் யாருக்கும் வாயில் வந்துவிடுகிற வாக்கியம் ஒன்று உண்டு: பெண்ணும் இயற்கையும் ஒன்று. மரமாகிற பெண், வேராக இறங்கும் கூந்தல், பூமியாகிற வயிறு - அலுத்துப்போகிற அளவுக்கு நமக்குப் பழக்கமான படிமங்கள் இவை. அனா மெந்தியெத்தாவையும் இந்தக் கணக்கில் எழுதிவிடுவது ரொம்பச் சுலபம். அப்படித்தான் நிறையப் பேர் எழுதியும் இருக்கிறார்கள். அந்த வாசிப்பில் அவருடைய கலையின் உயிரான பகுதி கைநழுவிப் போகிறது என்பது என் கருத்து. மனிதருக்கும் இயற்கைக்கும் உள்ள பந்தம் என்று பேச ஆரம்பிக்கும்போதே 'எந்த மனிதர், யாருடைய நிலம், பந்தத்தை அறுத்தது யார்' என்ற கேள்விகளை வெளியே நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறோம். அனாவின் மண்ணுருக்களை அந்தக் கேள்விகளுக்குள் வைத்துப் பார்ப்பதே இங்கு நான் செய்ய முயல்வது.

அனா 1948இல் ஹவானாவில் பிறந்தவர். வசதியான, அரசியல் செல்வாக்குள்ள குடும்பம். உறவினரான கார்லோஸ் மெந்தியெத்தா 1934-35இல் கியூபாவின் குடியரசுத் தலைவராக இருந்தவர். அனாவின் அப்பா முதலில் புரட்சியை ஆதரித்தார். பிறகு எதிர்ப்பணியில் இறங்கினார். 1960 இறுதியிலிருந்து 1962 வரை 'பீட்டர் பான் நடவடிக்கை' என்ற பெயரில் கத்தோலிக்க அமைப்புகளும் அமெரிக்க அரசும் சேர்ந்து பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட கியூபக் குழந்தைகளைப் பெற்றோர் துணையில்லாமல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோயின. கம்யூனிஸ்ட் அரசு பிள்ளைகளைப் பறித்துக்கொள்ளும் என்ற பயம் பெற்றோர்களிடம் திட்டமிட்டுப் பரப்பப்பட்டிருந்தது. அந்தப் பயத்தில் அவர்களே தம் கையால் பிள்ளைகளை அனுப்பிவைத்தார்கள். 1961இல் பன்னிரண்டு வயது அனாவும் அவருடைய அக்காவும் அப்படி விமானம் ஏறியவர்கள். சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள். அம்மாவும் தம்பியும் வந்து சேர்ந்தது 1966இல். அப்பா ஆண்டுக்கணக்காகக் கியூபச் சிறையில் இருந்து, 1979இல்தான் வந்தார்.

போய்ச்சேர்ந்த இடம் அயோவா. சோளக்காடும் பனியுமான மத்திய மேற்கு மாநிலம். அநாதை விடுதி, பிறகு வளர்ப்பு வீடு, திரும்ப விடுதி என்று பந்தாடப்பட்டார்கள். இன்னொன்றும் நடந்தது. கியூபாவில் வெள்ளையராக, மேட்டுக்குடியாகக் கருதப்பட்ட பெண் அயோவாவில் நிறமுள்ளவளாக ஆகிப்போனாள். பள்ளியில் நிறத்தையும் இனத்தையும் சொல்லி வசைபாடினார்கள். தோல் அதே தோல்தான். பார்க்கிற கண் மாறியதும் நிறம் மாறிவிட்டது. சாதியைப் பிறப்போடு ஒட்டிக்கிடக்கிற மாறாப் பொருளாகவே அறிந்த நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அடையாளம் என்பது பார்வையால், அதிகாரத்தால் உற்பத்தியாவது என்பதை ஒரு சிறுமி புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, உடம்பால் தெரிந்துகொண்டாள்.

'புலம்பெயர்வு' என்ற சொல்லுக்குத் தமிழில் இன்றைக்கிருக்கும் கனத்தைத் தந்தவர்கள் ஈழத்தமிழர்கள். அனாவின் கதைக்கு அந்தச் சொல் முழுசாகப் பொருந்தவில்லை. அவர் பெயர்ந்துபோகவில்லை, பெயர்க்கப்பட்டார். முடிவெடுத்த எல்லோரும் பெரியவர்கள். இரண்டு அரசுகளும் ஒரு திருச்சபையும் தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தில் நகர்த்தப்பட்ட காய். பின்னாளில் தாயின் கருவிலிருந்து வீசியெறியப்பட்டவள் என்று தன்னைப் பற்றி அவர் பேசியதை வெறும் உருவகமாக எடுத்துக்கொண்டால் இந்த விவரமெல்லாம் காணாமல் போய்விடும்.

அயோவா பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்து 1972இல் முதுகலை முடித்தார். பிறகு ஜெர்மானியக் கலைஞரான ஹான்ஸ் பிரெதர் அங்கே தொடங்கியிருந்த பல்லூடகக் கலைப்பிரிவில் சேர்ந்தார். ஓவியம் போதாது என்று தோன்றிவிட்டது. சாயத்தை விட்டு நேராக ரத்தத்துக்குப் போனார். மண்ணுக்கு அவர் போனது அதற்குப் பிறகே என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1972இல் தலை வெட்டப்பட்ட கோழியை, அது அடங்கும்வரை, நிர்வாணமாக நின்று கையில் பிடித்துக்கொண்டிருந்தார். 1973இல் அந்தப் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி வன்புணர்ந்து கொல்லப்பட்டாள். அனா தன் அறைக்கு நண்பர்களை வரச்சொன்னார். வந்தவர்கள் பாதி திறந்திருந்த கதவைத் தள்ளிப் பார்த்தபோது மேசையில் கட்டப்பட்டுக் குனிந்த நிலையில், இடுப்புக்குக் கீழே ரத்தம் வழிய, அசையாமல் கிடந்தார். அதே ஆண்டு ஒரு கட்டடத்தின் வாசற்படியில் ரத்தத்தையும் கந்தல்துணியையும் போட்டுவைத்து, உள்ளேயிருந்து கசிந்து வந்தது போலத் தோன்றும்படி செய்து, அந்த வழியாகப் போனவர்களை மறைவாகப் படம் எடுத்தார். பலர் பார்க்கிறார்கள். தயங்குகிறார்கள். நடந்துபோய்விடுகிறார்கள். கடைசியில் பக்கத்துக் கடையிலிருந்து ஒருவர் வந்து சுத்தம் செய்துவிட்டுப் போகிறார். ஒரு கொலைக்கான தடயத்தை இவ்வளவு அமைதியாக ஒரு ஊர் துடைத்துவிடுகிறது.

ஆக, பூவோடும் புல்லோடும் வந்த அனாவுக்கு முன்னால் ரத்தத்தோடு வந்த அனா ஒருத்தி இருக்கிறாள். யாகுல் குழிக்குள் படுத்த உடம்பு, அதே ஆண்டில் அயோவாவில் மேசையில் கட்டப்பட்டுக் கிடந்த உடம்பு. இந்த இரண்டையும் பிரித்து, முன்னதை 'ஆன்மிகம்' என்றும் பின்னதை 'அரசியல்' என்றும் பெயரிட்டு அடுக்கிவைப்பது அருங்காட்சியகங்களின் வசதிக்காக.

இனி அவர் பெயரை நிலைநிறுத்திய வரிசைக்கு வருகிறேன். ஸ்பானிய மொழியில் 'சிலுவெத்தா' என்றால் உருவரை, நிழல்வடிவம். (தமிழ்க்காதில் 'சிலுவை' என்று விழும், தொடர்பு ஒன்றும் கிடையாது. என்றாலும் கத்தோலிக்க விடுதிகளில் வளர்ந்த ஒருத்தியின் விரித்த கைகளைப் பார்க்கும்போது அந்தத் தவறான ஒலி முற்றிலும் பொருத்தமில்லாமலும் இல்லை.) 1973 முதல் 1980 வரை அயோவாவிலும் மெக்ஸிகோவிலும் அவர் செய்த நூற்றுக்கும் மேற்பட்ட செயல்கள் இந்தத் தலைப்பின்கீழ் வருகின்றன. ஆரம்பத்தில் அவர் உடம்பே இருந்தது. 1974 வாக்கில் எடுத்த சின்னப் படமொன்றில் வெறும் புல்தரை தெரிகிறது. சற்று நேரத்தில் புல் மெல்ல எழும்புகிறது, தாழ்கிறது. கீழே ஒருத்தி படுத்து மூச்சு விடுகிறாள். அவ்வளவுதான் படம். 1976இல் உடம்பெல்லாம் சேறு பூசி ஒரு பெரிய மரத்தோடு ஒட்டி, கைகளை உயர்த்தி நின்றார். பட்டை எது, தோல் எது என்று கண் தடுமாறும்.

பிறகு உடம்பு விலகிவிட்டது. ஐந்தடி அளவுள்ள அதன் வடிவம் மட்டும் மிஞ்சியது. அந்த வடிவத்தை மண்ணில் தோண்டினார், சேற்றில் குவித்தார், புல்லில் வெட்டினார், பனியில் பதித்தார். பூவை, கல்லை, சுள்ளியை, சாம்பலை அந்த அளவில் அடுக்கினார். பள்ளத்தில் வெடிமருந்தைக் கொட்டிக் கொளுத்தினார். சில நிமிடம் தீ ஓடும், பிறகு கரிந்த தடம். 1976இல் ஒஹாக்காவில் உள்ளூர் வாணவேடிக்கைக்காரரிடம் சொல்லி, மூங்கில் சட்டத்தில் வெடிகள் கட்டிய ஆளுயர உருவம் ஒன்றைச் செய்யவைத்து, அந்தி மங்கிய பின் பற்றவைத்தார். திருவிழாவில் நாம் பார்க்கிற அதே தொழில்தான். கொஞ்ச நேரம் ஒரு மனுஷ வடிவம் நெருப்பாக நின்றது, பிறகு இருட்டில் சட்டம் மட்டும்.

இவற்றில் என்னை விடாமல் பிடித்துவைத்திருப்பது அதே 1976இல் லா வெந்தோஸா கடற்கரையில் செய்தது. நனைந்த மணலில் உருவத்தைத் தோண்டி உள்ளே செந்நிறப்பொடியை நிரப்பினார். அலை வருகிறது. விளிம்பு கரைகிறது. அடுத்த அலை. சிவப்பு நீரோடு கலந்து ஒழுகுகிறது. வரிசையாக எடுத்த ஸ்லைடுகளில் உருவம் தளர்ந்து, உடைந்து, கடைசியில் வெறும் கறையாக நிற்கிறது. அந்தச் சிவப்பை 'கருவறை' என்றார்கள், 'மாதவிலக்கு' என்றார்கள். எனக்கென்னவோ அது வாசற்படியில் கிடந்த ரத்தத்தின் தொடர்ச்சி. அங்கே துடைத்தது ஒரு கடைக்காரர், இங்கே கடல்.

அதே காலத்தில் அமெரிக்க நிலக்கலையின் பெரிய ஆண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். மைக்கேல் ஹைஸர் 1969இல் நெவாடா பாலைவனத்தில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் டன் பாறையையும் மண்ணையும் பெயர்த்தெடுத்து எதிரெதிராக இரண்டு மாபெரும் வெட்டுகளை உண்டாக்கினார். ராபர்ட் ஸ்மித்ஸன் 1970இல் யூட்டாவின் உப்பேரிக்குள் 1500 அடி நீளத்துக்குக் கல்லும் மண்ணும் கொட்டிச் சுருள்வழி ஒன்று கட்டினார். வெடிவைப்பு, லாரி, மண்வாரி இயந்திரம், நிலக்குத்தகை, பணம் கொடுக்கும் காட்சிக்கூடம். ஸ்மித்ஸனின் சிந்தனையில் நுட்பம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் நிலம் அங்கே ஒரு வெற்றுப் பரப்பு, எழுதுவதற்குக் காத்திருக்கும் பலகை. காலி நிலம் என்று எண்ணுகிற கண்ணுக்குப் பின்னால் குடியேற்றத்தின் நீண்ட வரலாறு நிற்கிறது. அனாவிடம் இருந்தது மண்வெட்டி, கை, வாளி, சூப்பர் 8 கேமரா. அளவு தன் உடம்பின் அளவு. வேலை முடிந்த ஒரு வாரத்தில் அங்கே ஏதோ நடந்தது என்பதற்கே அடையாளம் இருக்காது.

சரி, விவாதத்துக்கு வருவோம். 1974இல் மானுடவியலாளர் ஷெர்ரி ஆர்ட்னரின் ஒரு கட்டுரை பெண்ணியவாதிகளிடையே பெரிய தாக்கத்தை ஏற்படுத்தியது. பண்பாட்டுக்கு ஆண், இயற்கைக்குப் பெண் என்று ஒதுக்கும் வகைப்பாடு எங்கெங்கும் காணப்படுகிறது, பண்பாடு இயற்கையை வெல்லவேண்டியது என்று மதிப்பிடப்படுவதால் பெண்ணும் கீழே வைக்கப்படுகிறாள் என்பது அதன் வாதம். இதற்கு இரண்டுவிதமாக எதிர்வினை காட்டலாம். ஒன்று, இணைப்பையே மறுப்பது: பெண் இயற்கை அல்ல, அப்படிச் சொல்வது கருத்தியல். இன்னொன்று, இணைப்பை ஏற்று மதிப்பைத் தலைகீழாக்குவது: ஆமாம், நாங்கள் இயற்கைதான், அதுவே எங்கள் பலம். எழுபதுகளின் தாய்த்தெய்வக் கலை இரண்டாவது வழியில் போனது. எண்பதுகளில் வந்த கோட்பாட்டுப் பெண்ணியம் அந்தக் கலையைச் சாராம்சவாதம் என்று சொல்லித் தள்ளியது. அனாவும் சேர்ந்து தள்ளப்பட்டார்.

இந்தியாவில் இதே சண்டை வேறு தளத்தில் நடந்தது. வந்தனா சிவா 1988இல் வெளிவந்த தன் நூலில் பெண்ணையும் இயற்கையையும் ஒரே உயிர்க்கொள்கையின் இரண்டு முகங்களாக வைத்து வளர்ச்சித்திட்டங்களை விமர்சித்தார். பீனா அகர்வால் 1992இல் எழுதிய கட்டுரையில் அதை மறுத்தார். காட்டோடு ஒரு பெண்ணுக்குள்ள உறவை அவள் பெண் என்பது தீர்மானிப்பதில்லை. அவள் விறகு பொறுக்குகிறாளா, அவளுக்கு நிலம் உண்டா, எந்தச் சாதி, எந்த வர்க்கம், வேலைப்பிரிவினை எப்படி என்பவை தீர்மானிக்கின்றன என்றார். என் சாய்வு அகர்வால் பக்கம்தான். இயற்கையை வணங்குகிற சமூகம் அதை அழிக்காது என்பதற்கு வரலாற்றில் சான்று கிடையாது. நதிகளையெல்லாம் தாயென்று கும்பிடுகிற நாட்டில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் அனாவை எப்படி ஆதரிக்கிறாய் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவருடைய சொந்த வாக்குமூலங்களே எதிர்த்தரப்புக்கு உதவக்கூடியவை. பூமியோடு தொப்புள்கொடியை மீட்டுக்கொள்வது, மூலத்துக்குத் திரும்புவது, பிரபஞ்ச ஆற்றல் - இப்படியெல்லாம் எழுதியிருக்கிறார். ஆனால் கலைஞர் சொல்வது வேறு, கை செய்வது வேறு. பிரதியை ஆசிரியரின் விளக்கத்திடம் ஒப்படைக்க வேண்டியதில்லை என்று நாம் எத்தனையோ முறை பேசியாயிற்று. பெண்ணும் இயற்கையும் ஒன்று என்றால் அந்த வடிவம் நிரம்பியிருக்க வேண்டும். அவருடைய உருவரைகள் பெரும்பாலும் குழிகள். யாரோ இங்கே இருந்தாள், இப்போது இல்லை என்பதைத்தான் குழி சொல்கிறது. போலீஸ்காரர்கள் பிணத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக்கோடு போடுவார்களே, அதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. சேர்ந்துவிட்டேன் என்று சொல்கிறவர் ஒருதடவை செய்தால் போதும். ஏழு வருஷம் நூற்றுக்கும் மேல் ஏன் செய்யவேண்டும்? ஒவ்வொரு தடவையும் மண் அவரை ஏற்றுக்கொண்டது போலத் தோன்றி, அலையோ மழையோ நெருப்போ வந்து அழித்துவிடுகிறது. திரும்பவும் வேறொரு இடத்தில் தொடங்க வேண்டியிருக்கிறது. உரிமை உள்ளவள் இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்கமாட்டாள்.

"இது நம்ம கோலம் மாதிரிதானே, தினம் போட்டு தினம் அழியறது" என்றார் இந்தப் படங்களைப் பார்த்த நண்பர் ஒருவர். இல்லை. கோலம் போடுகிறவளுக்கு ஒரு வாசல் இருக்கிறது. நாளைக்கும் அதே வாசல். வாசல் இல்லாதவள் போடுவதை எப்படிக் கோலம் என்பது? எல்லாவற்றையும் 'நம்மிடமே இருக்கிறது' என்று இழுத்து மடியில் போட்டுக்கொள்ளும் பழக்கம், எதிரே இருப்பதைப் பார்க்கவிடாமல் செய்கிறது.

நிலம் யாருடையது என்ற கேள்வியை அனாவிடமே திருப்பிக் கேட்கவும் வேண்டும். அயோவாவின் மண் சாக், மெஸ்க்வாக்கி பழங்குடிகளிடமிருந்து 1832இல் நடந்த போருக்குப் பிறகு வாங்கப்பட்டது. 'வாங்கப்பட்டது' என்பது ஒப்பந்தத்தின் சொல். பறிக்கப்பட்டது என்பதே சரி. விரட்டப்பட்ட மெஸ்க்வாக்கி மக்களில் ஒரு பகுதியினர் திரும்பிவந்து, 1857இல் தங்கள் சொந்த நிலத்தில் கொஞ்சத்தைக் காசு கொடுத்து வாங்கினார்கள். இன்றும் அங்கே இருக்கிறார்கள். தன் மண்ணைத் தானே விலைகொடுத்து வாங்குவது என்பதைவிடக் கொடிய நிலக்கலை வேறென்ன இருக்க முடியும்? அனா அந்த மாநிலத்தின் ஓடைக்கரைகளில் உருவம் தோண்டியபோது அந்த வரலாறு அவருடைய குழிகளுக்குள் வரவில்லை. மெக்ஸிகோவில் ஸபோதெக் கல்லறை அவருக்குக் கிடைத்தது. அதைக் கட்டியவர்களின் வழிவந்து அருகே சந்தையில் பூ விற்கிறவர்களோடு அவருக்குள்ள உறவு, வாங்குபவருக்கும் விற்பவருக்குமான உறவு மட்டுமே. தன்னைக் காலமும் வரலாறும் மூடுவதாக அந்தப் படத்துக்கு அவர் பொருள் சொன்னார். மூடிய வரலாறு இன்னொருவருடையது.

இந்த முரண் 1981இல் முற்றுகிறது. 1980இல், பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அனா முதல்முறையாகக் கியூபாவுக்குப் போனார். மறு ஆண்டு அரசின் அனுமதியோடு ஹவானாவுக்குக் கிழக்கேயுள்ள ஹாருக்கோ மலைப்பகுதியின் சுண்ணாம்புக்கல் குகைகளில் பெண்ணுருவங்களைச் செதுக்கினார். அவற்றுக்கு இட்ட பெயர்கள் தைனோ பழங்குடிகளின் தொன்மங்களிலிருந்து வந்தவை: நீரின் தாய் அத்தபேய், காற்றுத்தெய்வம் குவாபன்செக்ஸ், நிலா மரோயா, முதல் பெண் குவனரோக்கா. ஸ்பானியர் வந்த சில தலைமுறைகளுக்குள் தைனோ மக்கள் நோயாலும் கட்டாய உழைப்பாலும் அழிந்து சிதறியவர்கள். அவர்களின் தெய்வங்களுக்கு, ஸ்பானிய வழிவந்த மேட்டுக்குடியில் பிறந்த ஒருத்தி, தன் அப்பாவைச் சிறையில் வைத்திருந்த அரசின் ஒப்புதலோடு, அந்த அரசைத் திட்டியபடியே வாழும் புலம்பெயர்ந்த சமூகத்தின் முணுமுணுப்பைச் சட்டைசெய்யாமல், குகையில் உருவம் வெட்டுகிறாள். இதில் எந்த இழையை இழுத்தாலும் இன்னொன்று அறும்.

இதை அபகரிப்பு என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. மண்ணின் மைந்தர் என்ற முழக்கம் எங்கும் எப்படி முடிகிறது என்று நமக்குத் தெரியும். 'எங்கள் மண்' என்று தொடங்கி 'நீ வெளியே போ' என்று முடியும். அனாவின் மண் அப்படிப் பேசவில்லை. அந்த உருவங்களில் கொடி கிடையாது, எல்லை கிடையாது, யாரையும் வெளியேற்றும் சைகை கிடையாது. அதேசமயம், அழிக்கப்பட்டவர்களின் பெயரை இழந்தவர் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதும் அவ்வளவு எளிதாக விட்டுவிடக்கூடிய விஷயமல்ல. இழப்பு உண்மையானது என்பதால் உரிமை வந்துவிடுமா? இந்த இடத்தில் அவருடைய கலை பதில் வைத்திருப்பதாக நான் நினைக்கவில்லை.

அதே 1981இல் மயாமிக்கு அருகே கீ பிஸ்கேன் கடற்கரையில் செய்த 'ஒச்சூன்' என்ற படைப்பையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். ஒச்சூன் ஆப்பிரிக்க அடிமைகள் கியூபாவுக்குக் கொண்டுவந்த யொரூபா தெய்வம், ஆற்றுக்கும் அன்புக்கும் உரியவள். ஆழமில்லாத நீரில் மணலைக் குவித்துச் செய்த இரண்டு வளைவுகள். நடுவில் நீர் ஓடுகிறது. நீர் ஓடும் திசையில் கடலுக்கு அப்பால் கியூபா. உருவரை முதன்முறையாக இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது.

அரசியலாக அவர் தெளிவாகப் பேசிய இடம் ஒன்று உண்டு. அதை இயற்கைக் கவிஞராக அவரைக் கொண்டாடுகிறவர்கள் அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுகிறார்கள். 1978இல் நியூயார்க் வந்த அனா, ஏ.ஐ.ஆர். என்ற பெண்கள் கூட்டுறவுக் காட்சிக்கூடத்தில் சேர்ந்தார். அது 1972இல் தொடங்கப்பட்டது, அமெரிக்காவில் அந்த வகையில் முதலாவது. அங்கே 1980இல் 'தனிமைப்படுத்தலின் இயங்கியல்' என்ற தலைப்பில் அமெரிக்காவில் வாழும் மூன்றாம் உலகப் பெண் கலைஞர்களின் கண்காட்சி ஒன்றை ஜப்பானியரான கஸுகோ மியாமோத்தோவோடும் அலிகாரில் பிறந்த ஸரீனாவோடும் சேர்ந்து ஏற்பாடு செய்தார். வீடு, வரைபடம், எல்லைக்கோடு ஆகியவற்றை அச்சுக்கலையில் வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தவர் ஸரீனா ஹாஷ்மி, 2020இல் காலமானார். நாடு பிரிந்ததில் வீடிழந்த குடும்பத்துப் பெண்ணும், நாடு மாறியதில் வீடிழந்த குடும்பத்துப் பெண்ணும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலைசெய்தார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கண்காட்சி மலரின் முன்னுரையில், அமெரிக்கப் பெண்ணியம் அடிப்படையில் வெள்ளை நடுத்தரவர்க்க இயக்கமாகவே இருக்கிறது என்று அனா நேராகக் குற்றம்சாட்டினார். இரண்டு ஆண்டுகளில் அந்தக் கூடத்திலிருந்தே விலகினார். பெண் என்ற ஒற்றைச் சாராம்சத்தை நம்பியவர் செய்கிற காரியமா இது?

1983இல் ரோம் பரிசு கிடைத்து இத்தாலி போனார். மண்ணையும் மணலையும் கெட்டிப்படுத்தித் தரையில் வைக்கும் உருவங்கள், வெடிமருந்தால் கரித்த மரத்தண்டுகள் என்று நிலைத்து நிற்கிற பொருள்களைச் செய்யத் தொடங்கினார். 1985 ஜனவரியில் அமெரிக்கச் சிற்பி கார்ல் ஆந்த்ரேயை மணந்தார். செங்கல்லையும் உலோகத் தகட்டையும் தரையில் அடுக்கிப் புகழ்பெற்றவர் ஆந்த்ரே. அதே ஆண்டு செப்டம்பர் 8 விடியற்காலையில், நியூயார்க்கில் அவர்களுடைய 34ஆம் மாடி வீட்டு ஜன்னலிலிருந்து விழுந்து அனா இறந்தார். வயது 36. ஆந்த்ரேமீது கொலைவழக்கு நடந்தது. ஜூரி வேண்டாமென்று அவர் நீதிபதியின் விசாரணையைத் தேர்ந்துகொண்டார். 1988இல் குற்றம் ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று விடுவிக்கப்பட்டார். 2024 ஜனவரியில் இறந்தார்.

அந்த இரவில் நடந்ததை நாம் தீர்மானிக்க முடியாது. தீர்மானிக்கக் கூடியது வேறொன்று. விபத்தாகவோ தற்கொலையாகவோ இருக்கலாம் என்ற வாதத்தை ஒட்டி, ரத்தமும் குழியும் நிறைந்த அவருடைய படைப்புகளே அவர் சாவின்மேல் நாட்டம் கொண்டவர் என்பதற்கு அடையாளமாகச் சுட்டப்பட்டன. ஒரு மாணவி கொல்லப்பட்டதற்கு எதிராகத் தன் உடம்பைக் கிடத்தியவள், அதன் காரணமாகவே சந்தேகிக்கப்படுகிறாள். அவளோடு வாழ்ந்த ஆண் அடுக்கிய செங்கல்லை வைத்து அவர் மனத்தை யாரும் படிக்கவில்லை. செங்கல் பண்பாடு, அதற்கு மனநோய் வராது. பெண்ணை இயற்கையோடு சேர்த்துவைக்கும் கருத்தியல் நீதிமன்றத்தில் எப்படி வேலைசெய்கிறது என்பதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு தேவையில்லை.

1992இல் நியூயார்க்கின் சோஹோ பகுதியில் குகன்ஹைம் கிளை திறக்கப்பட்டபோது அங்கே ஆந்த்ரேயின் படைப்பு இருந்தது. வெளியே பெண்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, அனா மெந்தியெத்தா எங்கே என்று கேட்டு நின்றார்கள். 2014 தொடங்கி ஆந்த்ரேயின் படைப்புகள் பெரிய அளவில் காட்சிக்கு வந்தபோதும் அதே கேள்வி கேட்கப்பட்டது. 'எங்கே' என்ற சொல் எனக்குச் சரியாகப் படுகிறது. உருவரைகளெல்லாம் கேட்டதும் அதைத்தான்.

இன்றைக்கு அவர் எங்கே இருக்கிறார் என்றால், பெரிய அருங்காட்சியகங்களில், சட்டம்போட்ட வண்ணப் புகைப்படங்களாக. மண்ணில் கரைவதற்காகச் செய்தவை எண்ணிட்ட அச்சுப்பிரதிகளாகச் சந்தைக்கு வந்துவிட்டன. அவற்றில் பல அவர் இறந்த பிறகு ஸ்லைடுகளிலிருந்து போட்டவை. புனிதம் கெட்டுவிட்டது என்று நான் புலம்பப்போவதில்லை. படம் எடுத்தவரே அவர்தான். நூறு வாக்கில் சூப்பர் 8 படங்களும் இருக்கின்றன. சாட்சி இல்லாமல் மறைந்துபோவது அவர் திட்டம் அல்ல. 2018இல் 'சஸ்பீரியா' என்ற திகில்படத்தின் முன்னோட்டத்தில் அவருடைய படிமங்களைப் போன்ற காட்சிகள் வந்தபோது, அவர் படைப்புகளின் உரிமையைக் கவனிக்கும் குடும்பத்தினர் தயாரிப்பு நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டு, பிறகு சமரசமானது. மேசையில் கட்டப்பட்டு ரத்தம் வழியக் கிடந்த உடம்பு அங்கே ரசிக்கத்தக்க பயமாக மாற்றப்பட்டிருந்தது.

இதற்கு நேர்மாறாக ஒன்றை ஹவானாவில் தானியா புருகேரா என்ற கலைஞர் செய்தார். அனா இறந்த ஆண்டில் தொடங்கி 1996 வரை, அவருடைய உருவரைகளையும் செயல்களையும் தன் உடம்பால் திரும்பச் செய்துகாட்டினார். தொடங்கியபோது அவர் பதின்வயது மாணவி. போனவர்களைப் பற்றிப் பேசாமலிருப்பது கியூபாவில் வழக்கமாக இருந்த காலம். அனா தோண்டிய குழியின் அளவில் இன்னொரு பெண் படுத்துப் பார்த்தாள், விட்டுப்போனவர் என்று பட்டியலிலிருந்து எடுக்கப்பட்ட ஒருத்தியைக் கியூபக் கலை வரலாற்றுக்குள் திரும்பக் கொண்டுவருவதற்காக.